கோஸா, முட்டையா?

"உனக்கு மூக்கு இருக்கா?"

"பின்ன, மூஞ்சிக்கு நடுவுல நிக்கறது என்னவாம்? சட்டை மாட்டற ஆணியா?"

"இருக்கு, இருக்கு. வேல செய்யுதான்னு கேட்டேன்."

"நீங்க வாசல்ல செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே நீங்க வந்தாச்சுன்னு சொல்லிடுது. போதுமா?"

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்த சமயத்தில் நடந்த பேச்சு அது. இப்போது நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கே எழுந்து அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். போகவில்லை. சிரித்துத் தொலைத்தாள். அப்படி ஒரு பதிலைக் கேட்டு முகம் சுண்டிப்போக வேண்டிய கணவர், பரிசுச்சீட்டு விழுந்தவர் மாதிரி மலர்ந்தார். தோள்பையைத் துழாவி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். மையொற்றும் தாளைக் கீற்றாகக் கிழித்து அதில் நனைத்து அவள் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மோந்து பாரு. யோசிக்காத. மனசுல என்ன வருதோ அதச் சொல்லு."

மனசில் ஒன்றும் வரவில்லை. வயிற்றிலிருந்துதான் வந்தது.

"சீ! முட்டைங்க. அழுகின முட்டைய பழைய சாக்ஸுக்குள்ள போட்டு வெயில்ல தொங்கவிட்ட மாதிரி. எடுங்க அந்தப் பக்கம்!"

"முட்டையா? நிச்சயமா?" அவர் இன்னொரு குப்பியைத் திறந்தார். "அப்ப இது?"

"இது முட்டை இல்ல. கோஸ். வேகவச்ச கோஸ மூடி போட்டு மறந்துட்டுப் போய், ஊர்லேருந்து வந்து திறந்தா வருமே, அது."

"அடி என் மூக்கம்மா!" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரெண்டும் வெறும் தண்ணி மாதிரி இருக்குடி. எங்க ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. இனிமே நீதான் எங்களுக்கு மூக்கு."

அன்றிலிருந்து அவள் அந்த ஆலையின் மூக்கானாள். சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது, தொடக்கத்தில் சம்மதம்கூட யாரும் கேட்கவில்லை.

ஆலை காகித ஆலை. மரச்சில்லுகளைக் காரமும் கந்தகமும் கலந்து பெரிய உருளைக்குள் வேகவைப்பார்கள். நார் தனியே வரும். அது வெள்ளைக் காகிதமாகி ஊர் ஊராகப் போகும். மிச்சமாக நிற்பது ஒரு கறுப்புத் திரவம். தாரைவிட நீர்த்தது, சளியைவிடக் கெட்டி. ஆலையில் அதற்கு 'பிளாக் லிக்கர்' என்று பெயர். மாப்பிள்ளை லிக்கர் பிரிவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட அவள் சித்தப்பா, கல்யாணத்தன்று அவரைத் தனியே கூப்பிட்டு, "நமக்கும் ஒரு பாட்டில் பாத்துப் பண்ணுங்க" என்று கேட்டது குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிரிப்பு.

மற்ற ஆலைகளில் அந்தக் கறுப்பைச் சுண்டவைத்து எரித்துவிடுவார்கள். இங்கேயும் பெரும்பகுதி எரிந்தது. ஆனால் அவள் கணவர் அதில் ஒரு பங்கை எடுத்து, மரம் வேகும்போது உடைந்து பிறக்கிற அமிலங்களைப் பிரித்தெடுக்க முடியும் என்று பெரிய மேனேஜரிடம் சொல்லி, கெஞ்சி, சண்டை போட்டு ஒரு சின்னப் பிரிவையே உண்டாக்கியிருந்தார். கொதிகலன் புகையை அந்தக் கறுப்புக்குள் ஊதினால் பழுப்புச் சேறு அடியில் தங்கும். சேற்றைப் பிழிந்து தள்ளிவிட்டு, மிஞ்சியதில் கந்தக அமிலம் விட்டால் ஒரு நச்சுக்காற்று பொங்கிக்கொண்டு கிளம்பும். அதைத் துரத்தி, கரைப்பானில் பிரித்து, காய்ச்சி வடித்து, கரித்தூள் அடைத்த தொட்டிக்குள் விட்டு எடுத்தால், வினிகருக்குப் புளிப்பைக் கொடுக்கிற அசிட்டிக் அமிலம் கண்ணாடிபோலத் தெளிவாக வந்து சொட்டும். அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பை அவள் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறாள். பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பாக்களிடம்தான் அப்படி ஒரு முகத்தைக் காணமுடியும்.

ஆனால் அந்தக் குழந்தை நாறியது. சுத்தத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் சரி என்றன. மூக்கு மட்டும் இல்லை என்றது. கந்தக நாற்றத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தால் போதும், கருவி பூச்சியம் காட்டும், மனிதன் வாந்தி எடுப்பான். ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கோ அந்த நாற்றம் எப்போதோ மரத்துப் போயிருந்தது. நச்சுக்காற்று கசிந்தாலும் தெரியாது என்பதற்காக நெஞ்சில் ஆளுக்கொரு எச்சரிக்கைப் பெட்டி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதனால்தான் குப்பி வீட்டுக்கு வந்தது.

அவள் சொன்ன வார்த்தைகளை அவர் அப்படியே கொண்டுபோனார். முட்டை என்றால் நச்சுக்காற்று சரியாகத் துரத்தப்படவில்லை. கோஸ் என்றால் கரித்தூள் செத்துவிட்டது. கருகின ரப்பர் என்றால் காய்ச்சுகிற இடத்தில் சூடு அதிகம். நாளடைவில் ஆலை முழுக்க அதுவே பாஷை ஆகிவிட்டது. சேறு பிழியும் இயந்திரத்தில் நிற்கிற பிரஸ் அண்ணன் காலையில் அவரைக் கண்டதும் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "சார், வீட்டுல என்ன சொன்னாங்க? கோஸா, முட்டையா?" என்றுதான் கேட்பாராம். அவர் இதைப் பெருமையாகச் சொன்னார். அவளுக்கு உடம்பு கூசியது. தன் குமட்டலைப் பத்துப்பேர் கைமாற்றி விளையாடுவது போல இருந்தது.

குமட்டலுக்கு அந்தக் குடியிருப்பில் பஞ்சமே இல்லை. ஆலைச் சுவருக்கு ஒட்டினாற்போல வரிசை வரிசையாக வீடுகள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்த வேண்டும். திரும்பாத நாளும் சாத்தியே இருக்கும், ஏனென்றால் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. கொடியில் காயும் வெள்ளைத் துணியில் பழுப்புப் பொட்டுகள் விழும். அவள் குடிவந்த மாதமே அவளுடைய வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டது. தேய்த்தால் பளிச்சென்று ஆகும், நாலு நாளில் மறுபடி கறுக்கும். வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் காப்பி நிறத்தில் நுரை தள்ளும். நுரை காய்ந்தால் தோல் மாதிரி உரியும். அதை மிதித்துவிட்டு உள்ளே வருகிற பூனையைக் கூட அவளால் தொட முடிந்ததில்லை.

அவருடைய சட்டை இருக்கிறதே, அது தனிக்கதை. அதை அவள் கையால் தொடமாட்டாள். ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, செத்த பாம்பைக் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோய் வாளியில் போடுவாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"ஏன்டி, புருஷனையும் அப்படித்தான் கம்புல மாட்டி உள்ள கொண்டுபோவியா?"

"அவர் குளிச்சிட்டுத்தான்க்கா உள்ள வரணும். சட்டம்."

"போகப் போகப் பழகிடும். எங்களுக்கெல்லாம் இப்ப ஒண்ணுமே தெரியறதில்ல, பாரு."

அந்த வார்த்தைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. பழகிவிடும். எதிர்வீட்டு அக்காவின் சமையலறையில் ஒருமுறை அவள் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போய், அடுப்பு மேடையில் கிடந்த கரித்துணியின் வீச்சத்தில் குடித்ததைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். அக்கா அதே துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பாட்டுப் பாடியபடி.

தன் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஞாயிறு தோறும் மலைக்கு அப்பால் இருக்கும் டவுனுக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அக்கா வீட்டு மொட்டைமாடியில் நாள் பூரா உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டா மூக்கக் காயப்போட" என்பார் அக்கா புருஷன். சாயந்திரம் பஸ்ஸில் திரும்பும்போது, கடைசி வளைவில் அந்த நாற்றம் முகத்தில் வந்து அறையும். கண்ணில் தண்ணீர் வரும். வரட்டும், மூக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த வளைவில் அவள் ஒரு வார்த்தையைத் தயார் செய்வாள். இங்கிருந்து போய்விடலாம் என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல், அழாமல், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து குப்பியோடு காத்துக்கொண்டிருப்பார். "ரப்பர் போயிடுச்சா பாரேன்!" என்பார். போயிருக்கும். "ஆமாங்க, போயிடுச்சு" என்பாள். அவர் துள்ளிக் குதிப்பார். அந்தத் துள்ளலுக்கு நடுவே எந்த இடத்தில் தன் வார்த்தையை வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. விழுங்கிவிடுவாள்.

விஷயம் நாளுக்கு நாள் சிக்கலாகிக்கொண்டே போனது. போர்வை நெய்யும் கம்பெனி ஒன்று சாயப் பட்டறைக்கு அமிலம் வாங்க ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: வேற்று நாற்றம் இருக்கக் கூடாது, இருந்தால் போர்வையில் ஏறிக்கொள்ளும். முதல் டேங்கர் லாரி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் பிரிவு நிரந்தரம், அவர்தான் தலைவர். முதல் வரிசையில் பெரிய வீடு கொடுப்பார்கள். முதல் வரிசை என்பது ஆலைச் சுவருக்கு இன்னும் பக்கம். டேங்கர் திரும்பி வந்தால் பிரிவை இழுத்து மூடிவிடுவதாகப் பெரிய மேனேஜர் சொல்லியிருந்தார். மூடினால் அவர் வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, அவர் ஜெயித்தால் அவள் மாட்டிக்கொள்வாள். அவள் நினைத்தது நடக்க அவர் தோற்க வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் மழை பேய்மழையாகப் பெய்தது. மலைப்பாதையில் பாலம் அடித்துக்கொண்டு போனது. பஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, அக்கா வீட்டு மொட்டைமாடி இல்லை. டேங்கருக்கு நாள் நெருங்கியதால் குப்பிகள் மட்டும் முன்னைவிட வேகமாக வந்தன, காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. கோஸ், கோஸ், லேசாகக் கோஸ். பிறகு ஒருநாள் அவள் கீற்றை மூக்கருகே வைத்தாள். சுருக்கென்று புளிப்பு ஏறியது. அதோடு சரி.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. வினிகர்தான்."

"நல்லாப் பாரு."

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு."

அவர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்தடுத்து வந்த குப்பிகளிலும் புளிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. லாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் தற்காலிகப் பாலம் போட்டுப் பஸ்ஸும் ஓடத் தொடங்கியது. அண்ணன் ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதல் பஸ்ஸிலேயே அவள் நாத்தனார் வந்து இறங்கினாள்.

நாத்தனார் இளையவள், பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள், வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. வாசலுக்கு வரும்போதே துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது, அதுவும் கலங்கியிருந்தது.

"அண்ணி, இது ஊரா, ஊரே போய்ட்டு வந்த கக்கூஸா?"

"இன்னைக்குக் காத்து பரவாயில்லையே."

"இதுதான் பரவாயில்லையா! நான் சொத்தைப் பல்லு தோண்டற எடத்துல வேல பாக்கறேன். எனக்கே தாங்கல." உள்ளே வந்து துப்பட்டாவை அவிழ்த்தவள் மறுபடி அவசரமாகக் கட்டிக்கொண்டாள். "வீட்டுக்குள்ள என்ன அண்ணி செத்துக் கிடக்கு?"

"ஒண்ணும் இல்லையே. ஜன்னல் சாத்தியிருக்கில்ல, அதான்."

"ஜன்னலும் இல்ல, கதவும் இல்ல. எதுவோ செத்திருக்கு." நாத்தனார் மோப்பம் பிடித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடை, அலமாரி, தண்ணீர்ப் பானை என்று தாண்டி மூலையில் இருந்த அரிசி டிரம்முக்கு முன்னால் நின்றாள். டிரம்மை இழுத்தாள்.

எலி. எலியாக இருந்த ஒன்று. வயிறு வெடித்துப் பரந்து, ரோமமும் தரையும் ஒட்டிக்கொண்டு, அதற்குள் வெள்ளையாக என்னவோ நெளிந்துகொண்டிருந்தது. ஒரு புழு டிரம்மின் மூடி வரைக்கும் ஏறி வந்திருந்தது. நாத்தனார் பின்கட்டுக்கு ஓடினாள்; ஓக்காளிக்கும் சத்தம் கேட்டது.

அவள் அங்கேயே நின்றாள். கண்ணுக்கு அருவருப்பு தெரிந்தது, மூக்குக்குத் தெரியவில்லை. குனிந்தாள். முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை ஆழமாக இழுத்தாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று. காலையில் இந்த டிரம்மிலிருந்துதான் அரிசி அள்ளினாள். நேற்றும் அள்ளினாள். இங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

பதறிக்கொண்டு எழுந்து சோப்பை எடுத்து மோந்தாள். தெரிந்தது. காப்பித்தூளைத் திறந்தாள். தெரிந்தது. மூக்கு வேலை செய்யாமல் இல்லை. வாளியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினாள். துணி. ஈரத்துணி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஒட்டடைக் கம்பைத் தேடாமல் கையாலேயே அதை எடுத்திருக்கிறாள் என்று. எத்தனை நாளாகக் கையால் எடுக்கிறாள்? நினைவில்லை. கழுத்திலும் கையிலும் பூச்சி ஊர்வது போல இருந்தது. தன் உடம்பையே கழற்றி வாளியில் போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

நாத்தனார் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் அலமாரியிலிருந்து நேற்றைய குப்பியையும், சமையலுக்கு வைத்திருந்த வினிகர் பாட்டிலையும் எடுத்துவந்து இரண்டு கீற்றுகளை நனைத்தாள்.

"வாசலுக்கு வா, அங்க எலி நாத்தம் வராது. கண்ண மூடிக்கோ. மோந்து பாத்துச் சொல்லு."

"இது சமையல் வினிகர்." அடுத்த கீற்று வந்ததும் நாத்தனார் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "உவ்வே! இது என்ன அண்ணி, பொணத்தக் கழுவின தண்ணியா?"

"முட்டையா, கோஸா?"

"என்னது?"

"நாத்தம் எப்படி இருக்கு? அழுகின முட்டையா, அழுகின கோஸா?"

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் மோந்தாள். "கோஸ். ஐயோ, நான் இனிமே ஜென்மத்துக்கும் கோஸ் திங்க மாட்டேன்."

அவள் இரண்டு கீற்றுகளையும் வாங்கி மாற்றி மாற்றி மோந்தாள். இரண்டும் ஒன்றுதான். புளிப்பு, புளிப்பு.

படியில் உட்கார்ந்துவிட்டாள். டேங்கர் நிரம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. மதியத்துக்குள் கிளம்பிவிடும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். லாரி போகும், கம்பெனிக்காரர்கள் மூடியைத் திறப்பார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். பிரிவை மூடுவார்கள். அவர் வேறு வேலை தேடுவார். இத்தனை ஞாயிறுகளாக விழுங்கிய வார்த்தையை அவள் சொல்லவே வேண்டியதில்லை, தானாக நடந்துவிடும். அவர் கோபப்படக்கூட மாட்டார். "போனாப் போகுதுடி, உன் மூக்கு என்ன பண்ணும்" என்று அவளுக்குத்தான் ஆறுதல் சொல்வார்.

அதை நினைத்தபோதுதான் அவளுக்கு எலியைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. மூலையில் செத்துக் கிடப்பதைத் தெரிந்தே டிரம்மைத் தள்ளி மறைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பது மாதிரி இருந்தது. அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல, அவள் தின்றுகொண்டே இருக்க வேண்டும், ஆயுசு பூரா.

"துப்பட்டாவ நல்லாக் கட்டிக்கோ. உங்கண்ணன்கிட்ட போகணும்."

"ஆலைக்கா? நானா? அண்ணி, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"வாடி. பேச நேரமில்ல."

ஆலைக்குள் போகும் வழியெல்லாம் குழாய்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. மூட்டுகளில் கறுப்புத் திரவம் கசிந்து சொட்டி, தரையில் விழுந்த இடம் ஆறாத புண் மாதிரி மினுங்கியது. பிரஸ் அண்ணன் இயந்திரத்தைத் திறந்து, துணிகளுக்கு நடுவே ஒட்டியிருந்த பழுப்புச் சேற்றைச் சட்டுவத்தால் சுரண்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அது பொத்து பொத்தென்று விழுந்தது. நாத்தனார் அந்தச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாங்கம்மா!" என்றார் பிரஸ் அண்ணன். "மூக்கம்மாவே நேர்ல வந்தாச்சா! லாரி பாதி ரொம்பிடுச்சு."

அவள் நிற்கவில்லை. கிடங்கின் ஓரத்தில் டேங்கர் நின்றது. ரப்பர் குழாய் மேல்மூடிக்குள் இறங்கியிருந்தது. அவள் கணவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"வந்துட்டியா! பாரு, இதுதான் உங்கண்ணன் வடிச்ச..."

"ஏங்க, குழாய நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன?"

"அமிலம் நாறுது. எனக்குத் தெரியல, ஆனா நாறுது. கோஸ்."

சுற்றி நின்றவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அவர் கை காட்டுவதற்கு முன்னாலேயே ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திருகினார். குழாய் ஒருமுறை துள்ளி அடங்கியது. "கோஸா? சாரு சுத்தம்னாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் இருவரையும் ஆய்வறைக்குள் அழைத்துப் போனார். கதவைச் சாத்தி, காற்றை வடிகட்டும் பெட்டியை ஓடவிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எலியை, சட்டையை, இரண்டு கீற்றுகளை. சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் டேங்கரிலிருந்து எடுத்த மாதிரியில் கீற்றை நனைத்துத் தங்கையிடம் நீட்டினார். தங்கை துப்பட்டாவை இறக்கினாள், மோந்தாள், ஓடிப்போய்க் கைகழுவும் தொட்டியில் குனிந்தாள். அதுதான் பதில்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். படிய வாரிய தலையைக் கையால் கலைத்துக்கொண்டார். அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. தோள் இரண்டும் இறங்கி, ஊர்ப் பிள்ளைகள் உடைத்துப்போட்ட பொம்மை மாதிரி இருந்தார்.

"எப்பலேருந்து?" என்றார் மெதுவாக.

"தெரியலைங்க. மழை ஆரம்பிச்சப்புறம்தான் இருக்கணும். அக்கா வீட்டுக்கும் போகல, குப்பியும் நாள் தவறாம வந்துச்சு."

"உன்ன நானே கெடுத்துட்டேன்." அவர் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே எதுவோ எழுதியிருப்பது போல. "மோந்து மோந்து உன் மூக்கும் எங்க மூக்கு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு இது தோணியிருக்கணும். தோணவே இல்ல, பாரேன்."

அவளுக்கு அவர் தலையைக் கோதிவிட வேண்டும் போல இருந்தது. அந்தக் கையால் கோத மனம் வரவில்லை.

பிறகு, அவள் கண்ணெதிரிலேயே அவர் முகம் மாறத் தொடங்கியது. புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது. அவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"முட்டை இல்லியே?" என்றார் தங்கையைப் பார்த்து. "கோஸ் மட்டும்தானே?"

"ஆமாண்ணா. ஏன், கூட ஒரு முட்டை வேணுமா உனக்கு?"

"அப்ப காத்து சரியாப் போகுது. கரித்தூள்தான் செத்திருக்கு. எப்பவோ மாத்தியிருக்கணும், சுத்தம்னு நினைச்சு விட்டுட்டோம்." அவர் எழுந்துவிட்டார். "புதுத் தூள் போட்டு இதையே திரும்ப ஓட்டலாம். ஒண்ணும் வீணாகல. கம்பெனிக்காரங்ககிட்ட கொஞ்சம் டயம் கேட்டா குடுப்பாங்க. யாராவது மோந்து பாக்கணும், அவ்வளவுதான்." அறைக்குள்ளேயே நடந்தார். திரும்பினார். பரிசுச்சீட்டு விழுந்த அதே மலர்ச்சி. "நீ எங்கூட ஒரு ரெண்டு மாசம் இங்க இருக்கியா? லீவு போடு. சாயந்திரம் ஒரு குப்பி, வேற ஒண்ணும் வேண்டாம். உன் மூக்கு பிரமாதம்!"

தங்கை வாயைத் துடைத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசம்தாம்மா" என்றார் அவர் கெஞ்சலாக. "பழகிடும்."

"வேண்டாங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவர் நின்றார்.

"நீ எதுக்குப் பயப்படற? உன்ன இனிமே மோந்து பாக்கச் சொல்ல மாட்டேன். அவதான..."

"அவளும் வேண்டாம். யாரையும் பழக்காதீங்க." ஞாயிறு தோறும் வளைவில் தயார் செய்த வாக்கியம் எதுவும் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுகையும் வரவில்லை. "உங்க அமிலம் நல்லா வரணும்னுதான் ஓடி வந்தேன். வரட்டும். அதுக்கப்புறம் பெரிய மேனேஜர் கேப்பாரு, முதல் வரிசை வீடு எப்ப வேணும்னு. வேண்டாம்னு சொல்லிடுங்க. இன்னைக்கு அந்த எலிகிட்ட குனிஞ்சு மோந்தேங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. எனக்கு நாத்தம் நாத்தமாத் தெரியணும். நாம இங்கேருந்து போயிடலாங்க."